நீலக்கரை முடிச்சு

1969 ஜூன் 3, செவ்வாய்

தம்பி சுண்டு, மழை. மூன்று நாளாக விடவில்லை. போர்ட் பிளேரில் இந்த டெலானிபூர் மேடு முழுக்க ஈரத்துணி மாதிரி கிடக்கிறது. முந்தாநாள் துவைத்த சேலை இன்னும் சொட்டுகிறது.

வாசலில் எனாமல் சட்டி வைத்தாயிற்று, கார் பேட்டரிக்கு ஊற்ற மழைத் தண்ணி பிடிக்க. நீ வைக்கிற அதே கல்லின் மேல். கூரைத் தண்ணி ஆகாதுக்கா, வானத்துலருந்து நேரா விழுந்ததுதான் வேணும் என்பாய். சட்டியில் துளி விழுகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே இருந்து சோற்றைப் பொங்க விட்டுவிட்டேன். அடுப்பு அணைந்தது.

இது உன் டாக்ஸி சவாரி நோட்டு. பாதிக்கு மேல் வெறும் தாள். நீ போன பிறகு இதில் எழுதுகிறேன். மூணாங்கிளாஸ் எழுத்து, யார் பார்க்கப் போகிறார்கள்.

வலது ஹெட்லைட் பல்பு மறுபடி போய்விட்டது. போட்டு ஒன்பது நாள். அதற்கு முந்தியது பன்னிரண்டு நாள். உன் கூட்டாளி ஹமீது வந்து சொன்னான். நீ காமாலையில் போன எட்டு மாதமாக உன் இடத்தில் உட்கார்ந்து அவன்தான் ஓட்டுகிறான்.

"அக்கா, வலது கண்ணு அவிஞ்சிருச்சு."

"போன வாரந்தானடா புதுசு போட்ட?"

"போட்டேன், போயிருச்சு. என்னையக் கேட்டா? பல்பக் கேளுங்க."

பல்பைக் கேட்டேன். காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே அறுந்த கம்பி கிணுங்குகிறது. எறும்புக்குக் கொலுசு போட்ட மாதிரி. கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 4, புதன்

காலை மழை நின்றது. பத்து மணிக்கு மறுபடி.

வேலைகள்:
பல்பு இரண்டு, கப்பல் வந்தால் (வெள்ளி என்கிறார்கள்)
எலுமிச்சை, மிளகாய்
பின்பக்கத் தகரத்துக்குத் தார்
ஹமீதுக்கு வாய்ப்புண், குழம்பில் காரம் வேண்டாம்

மேரி சிஸ்டர் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். மரைன் ஹில்லில் இருந்து நர்ஸ் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுகிற சவாரியை நமக்குப் பிடித்துக் கொடுத்தார்களே, அந்த மலையாளத்து அம்மா. சாயங்காலம் நாலு பேரைக் கொண்டுபோக வேண்டும், பகல் டூட்டி முடித்த நாலு பேரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நிலையான சவாரி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வந்தால் உண்டு. இங்கேதான் அஞ்சரைக்கே இருட்டிவிடுகிறதே.

நேற்று ஹமீது ஒற்றை விளக்கோடு போயிருக்கிறான். எதிரே சைக்கிளில் வந்தவர் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நடு ரோட்டில் வந்திருக்கிறார். கடைசி நேரத்தில் கார் என்று தெரிந்து, ஒடித்து, சாக்கடையில் விழுந்தார். அடி இல்லை. சேறுதான்.

"சேச்சி, இது சரியாவில்லா. எங்க குட்டிகள் பேடிக்குது, பயம். ஓடுற வண்டியில ஒரு கண்ணு மட்டும் திறந்திருந்தா எப்படி?"

"கப்பல் வந்ததும் மாத்திர்றேன் சிஸ்டர்."

"இன்னொரு தரம் விளக்கு போனா நான் ஆபீஸ்ல வேற வண்டி சொல்லும். பின்னே என்கிட்ட வந்து கரையக்கூடாது, அழக்கூடாது, கேட்டோ."

சாக்கடை என்றதும் எனக்கு என் முழங்கால் வலித்தது. நினைவிருக்கிறதா. நீ போனதற்கு முந்தின வருஷம் ஆகஸ்ட் மழை. நீ வர நேரமாகிவிட்டது. எனக்கு மாலைக்கண். வாசலில் நின்று பார்த்தால் கீழே ரோட்டில் எல்லா வண்டியும் ஒரே மங்கல் புள்ளி. எது நீ என்று தெரியவில்லை. இறங்கி வந்து பார்க்கிறேன் என்று வந்து, கால் தவறி, இடுப்பு வரை சாக்கடையில். நீ வந்து தூக்கினாய். திட்டவே இல்லை. முழங்காலுக்கு மஞ்சள் பத்து போட்டாய்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நம் வண்டி வெளிச்சம் கூடிவிட்டது. மற்ற வண்டியெல்லாம் மஞ்சள். நம்முடையது ஒன்று மட்டும் வெள்ளை, முல்லைப் பூ வெள்ளை. என் கண்ணுக்கே தெரிந்தது. மெயின்லேண்ட் பல்புக்கா, ஸ்பெஷலு என்றாய். நான் தெருவெல்லாம் சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

மழை. கடல் தெரியவில்லை. துறைமுகத்தில் ஊதுகிற சத்தம் மட்டும் மேகத்துக்குள்ளிருந்து.

ஹமீது பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"இங்க வாங்கக்கா. பேட்டரியப் பாருங்க. நேத்துதான் ஒங்க மழைத் தண்ணி ஊத்துனேன், பாதி காணாம். இது பேட்டரியா, ஒட்டகமா?"

"வெயில்ல வத்திருக்கும்."

"எந்த வெயில்? சூரியனப் பாத்து அஞ்சு நாளாச்சு. மெக்கானிக் தாஸ் பாபுகிட்ட ஒரு தரம் காட்டிருவோம். இந்தக் கறுப்புப் பெட்டியத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

பெட்டி என்றால் சோப்பு டப்பா அளவு. டைனமோவிலிருந்து வருகிற கரண்டு அதன் வழியாகத்தான் பேட்டரிக்கும் விளக்குக்கும் போகிறதாம். அதைச் சுற்றி நீ கட்டியிருக்கிறாய், என் பழைய சேலையின் நீலக்கரையைக் கிழித்து. மூடி ஆடாமல் இருக்க. லாங் ஐலண்டில் மரம் ஏற்றுகிற வேலையில் இருந்தபோது பழகின முடிச்சு. இழுத்தால் இறுகும் முடிச்சு.

"வேற எத வேணாலும் தொறந்து பாரு. அத மட்டும் தொடாத."

"ஏன்?"

"அது அவன் போட்ட முடிச்சு."

ஹமீது பானெட்டை இறக்கினான். பிறகு, சத்தமாக இல்லாமல்: "வண்டி ஓடணுமாக்கா, முடிச்சு இருக்கணுமா?"

எட்டு மாதத்தில் உன் சட்டை இரண்டைக் கொடுத்துவிட்டேன். உன் தட்டு ஒடுங்கிவிட்டது. சீப்பில் இருந்த முடி எங்கே போனது என்றே தெரியவில்லை. நீ கையால் செய்து, செய்தபடியே இருப்பது அந்த ஒன்றுதான்.

ஜூன் 6, வெள்ளி

கப்பல் வந்தது. கப்பல் சமையல்காரர் மரத்தூளுக்குள் வைத்துப் பல்பு இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். முட்டை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தேன்.

இடதும் கறுத்துவிட்டதால் இரண்டையும் மாட்டச் சொல்லிவிட்டுத் திருஷ்டி கழித்தேன். ஊரிலேயே பெரிய வெளிச்சம் நம்முடையது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா. எத்தனை கண் பட்டதோ. சக்கரத்தில் எலுமிச்சை. முன்னால் மிளகாய். பிறகு, சொன்னால் சிரிப்பாய், இரண்டு விளக்குக் கண்ணாடியிலும் ஓரமாக மைப்பொட்டு. உனக்குக் கன்னத்தில் வைப்பேனே, அந்த அளவு.

ஹமீது விழுந்து விழுந்து சிரித்தான்.

"மையும் வச்சாச்சு. வளைகாப்பு எப்பக்கா?"

"போடா, ஊர்க்கண்ணு பொல்லாதது."

"அப்ப எனக்கும் ஒண்ணு வைங்க. நானும் அழகன்தான்."

வைத்துவிட்டேன் அவன் கன்னத்திலும். அதோடுதான் சவாரிக்குப் போனான்.

சாயங்காலம் வாசலில் நின்றேன். மழை நூல் நூலாக. கீழே வளைவில் ஏழெட்டு மஞ்சள் புள்ளி ஏறியது, இறங்கியது. பிறகு அந்த வெள்ளை. மழைக்குள் ஒரு பெரிய பூ விரிந்து விரிந்து மேலே வருகிற மாதிரி. ரசத்துக்குத் தாளிக்க வேண்டும் என்று உள்ளே ஓடினேன். கரண்டியை எடுத்தேன். எண்ணெய் காய்ந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வருகிறது நீ இல்லை.

தாளித்துவிட்டேன். ஹமீது இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் இரண்டு பல்பும் ஒன்றாகப் போய்விட்டன. வைத்து இரண்டாம் நாள். மரைன் ஹில் இறக்கத்தில், நர்ஸ் பிள்ளைகள் உள்ளே. மை பூசின மாதிரி இருட்டாம். ஹமீது வண்டியை நிறுத்தி, ஒரு டார்ச்சை முன்னால் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நடக்க, பின்னால் ஊர்ந்து வந்திருக்கிறான். மேரி சிஸ்டர் இன்று காலையே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலு நாளைக்கு வேறு ஜீப். வியாழக்கிழமை நம் வண்டி வந்து நிற்க வேண்டும், தானே விளக்கைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் சவாரி போனது போனதுதான்.

பஜாரில் உப்பு வாங்குகிற இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மெயின்லேண்ட் பல்புன்னா இங்க கிராக்கி. டிரைவர் பசங்க கழட்டி வித்துட்டு லோக்கல் பழசு மாட்டிருவானுங்க."

யாரையோ சொன்னார்கள். அந்தப் பேச்சு என் கூடவே மேடு ஏறி வந்தது. ஹமீது வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் கேட்டுவிட்டேன்.

"உண்மையச் சொல்லு. நல்ல பல்ப வித்துட்டியா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தான். பிறகு புரிந்துவிட்டது.

"அக்கா. நானா?"

"சுண்டு இருக்கையில ஒரு பல்பு போனதுண்டா? ஒண்ணு? நீ கை வச்ச பெறகுதான் எல்லாம்."

சாவியை எனாமல் சட்டிப் பக்கத்தில், கல்லின் மேல் வைத்தான். எறியவில்லை. வைத்தான்.

"சுண்டு மச்சான் வண்டின்னு ஓட்டுனேன். வேற ஒருத்தர் இதக் கேட்டிருந்தா நடக்கிறதே வேற. வர்றேங்க்கா."

வர்றேன் என்றுதான் சொன்னான். போகிறேன் என்று சொல்லவில்லை. கன்னத்தில் அந்த மை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஜூன் 9, திங்கள்

மழை. சவாரி இல்லை. வண்டி வாசலில் நனைகிறது.

பகலில் தூங்கிவிட்டேன். கனவு. நம் வண்டி கடலுக்கு அடியில் போகிறது. நீ ஓட்டுகிறாய். சட்டையெல்லாம் மிதக்கிறது. இரண்டு விளக்கும் வெள்ளையாக எரிகிறது, அந்த வெளிச்சத்துக்குள் மீன்கள் வந்து நின்று என்னைப் பார்க்கின்றன. நான் பின் சீட்டில். தண்ணிக்குள்ள எப்படிடா எரியுது என்கிறேன். நீ திரும்பாமல், எரியுதுல்ல, சும்மா வாக்கா என்கிறாய். பவளப்பாறைக்கு நடுவே ஒரு வளைவு. அதில் திரும்பினோம்.

எழுந்து பார்த்தால் எனாமல் சட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சாவி கல்லின் மேலேயே. எடுக்கவில்லை.

ஒரு ஆளுக்குச் சமைப்பது கஷ்டம். அளவு வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டுவிட்டு.

உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய பல்பு ஏதாவது இருக்குமா, வியாழனுக்கு ஆகுமா என்று. துணிக்கு அடியில் பிஸ்கட் டின். தூக்கியதும் கிணுங்கியது. எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

உள்ளே பல்பு. எல்லாம் எரிந்து போனது. கண்ணாடியில் உள்பக்கம் கறுப்பு, சிலதில் வெள்ளிப் பூச்சு மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு துண்டுத் தாளில் சுற்றி, தாளில் பென்சிலால் உன் கையெழுத்தில் போட்ட தேதி, போன தேதி. இருபத்தேழு. தரையில் பாய் விரித்து வரிசையாக வைத்தேன். ஒன்று பதினெட்டு நாள். ஒன்று எட்டு. ஒன்று மூன்றே நாள். கடைசித் தேதி, நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்.

முதல் தேதி அந்த ஆகஸ்ட். நான் சாக்கடையில் விழுந்து பத்தாம் நாள்.

ஒரு பல்பு போனதுண்டா என்று அவனைக் கேட்டேனே. ஒன்று. இருபத்தேழு, சுண்டு. ஒரு தரம்கூடச் சொல்லவில்லை நீ.

அடியில் மரத்தூளுக்குள் ஒன்று மட்டும் எரியாதது. புதுசு.

நாளைக்கு ஹமீதிடம் போக வேண்டும். எந்த முகத்தோடு.

ஜூன் 11, புதன்

போனேன். இந்த முகத்தோடுதான். வேறு இல்லை.

ஹமீது அவன் மாமா கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். கோபம் இருந்தும் எழுந்தான். டின்னைத் திறந்து முன்னால் வைத்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். உன் எழுத்து அவனுக்கும் தெரியுமே.

"கள்ளன்" என்றான். "எங்கிட்டயும் சொல்லலக்கா. கள்ளப்பய."

"உன்னையச் சொன்னேன்டா. என் நாக்குல..."

"விடுங்க. வெங்காயத்துக்கு அழுகுறேன்னு மாமா நெனச்சுக்கிட்டிருக்காரு. நீங்களும் அப்படியே நெனச்சுக்கங்க."

இரண்டு பேருமாக வண்டியைத் தாஸ் பாபு ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். அந்த வங்காளிக் கிழவர் எப்போதும் போல் பீடியும் கோபமுமாக இருந்தார். டின்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே வைத்துவிட்டார்.

"அரே தீதி, யே க்யா ஹை? பல்ப் கா கப்ரிஸ்தானா?"

பல்புக்கு மயானமா என்கிறார் என்று ஹமீது சொன்னான். எனக்கே புரிந்தது. பேட்டரியைப் பார்த்தார், முகர்ந்தார். நேரே கறுப்புப் பெட்டியைக் காட்டினார்.

"இங்கதான் படா கட்பட், பெரிய கோளாறு. கோலோ, தொற."

ஹமீது கை வைக்கவில்லை. என்னைப் பார்த்தான். தாஸ் பாபு கத்தரிக்கோலை எடுத்தார். வேண்டாம் பாபு, நானே என்றேன்.

ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. இழுத்தேன், இன்னும் இறுகியது. பிறகு ஞாபகம் வந்தது. நீ லாங் ஐலண்டில் இருந்து வந்த புதிதில் என் கையில் கட்டிவிட்டு, அவுறு பாப்போம் என்று சிரிப்பாய். இழுக்காதக்கா, நுனியத் தள்ளு. தள்ளினேன். தானாக நெகிழ்ந்தது. அவ்வளவுதான். ஒரு முழம் நீலத்துணி.

தாஸ் பாபு மூடியைக் கழற்றிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூ. அதைத் திருகி ஏற்றினால் டைனமோ கூடுதலாகக் கரண்டு தள்ளுமாம். விளக்கு வெள்ளையாக எரியும். பல்பு சீக்கிரம் சாகும். பேட்டரி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். விட்டால் டைனமோவே ஒரு நாள் கருகும்.

"கல்தி நஹி ஹை தீதி, கைத்தவறு இல்ல. தெரிஞ்சு செஞ்சான். ஜான்பூஜ்கே. இத பாரு."

ஸ்க்ரூ முதலில் இருந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு. எப்போது வேண்டுமானாலும் திருப்பி வைக்கிறதற்கு அடையாளம்.

"லேகின் க்யோன், ஆனா ஏன்? போர்ட் பிளேர்ல இவ்ளோ லைட் எதுக்கு? யானை பிடிக்கவா போனான்?"

ஹமீது என்னைப் பார்த்தான். அவனுக்கு என் முழங்கால் கதை தெரியும்.

நான் கேட்டேன், ஒரு தரம் எரித்துக் காட்டுங்கள் பாபு என்று. டின்னில் இருந்த அந்த ஒரு புதுப் பல்பை மாட்டினார்கள். பகல்தான், ஆனால் மழை இருட்டு. எதிரே ஒரு பழைய தார்ப்பாய். ஹமீது எஞ்சினை உறுமவிட உறுமவிட அது வெளுத்தது, வெளுத்து, தார்ப்பாயின் ஒவ்வொரு தையலும் தெரிந்தது. ஒழுகுகிற ஒவ்வொரு துளியும் தெரிந்தது. என் கண்ணுக்கு. முல்லைப் பூ வெள்ளை.

தாஸ் பாபு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நான் கை நீட்டினேன். கொடுத்துவிட்டார். கையைப் பிடித்து இடம் காட்டினார். தீரே தீரே என்றார். மெல்ல மெல்ல. ஒரு சுற்று. வெள்ளை கொஞ்சம் இறங்கியது. இரண்டு. பாலில் மஞ்சள் விழுந்த மாதிரி. மூன்றாவது சுற்றில் பாதி, ஸ்க்ரூவின் கோடும் சிவப்புப் பொட்டும் நேராக வந்தது. பஸ், போதும் என்றார்.

எல்லா வண்டி மாதிரியும் ஒரு மஞ்சள் விளக்கு.

இன்னொரு பல்பு தாஸ் பாபுவே தன் அலமாரியில் இருந்து கொடுத்தார். கப்பல் வந்தால் திருப்பிக் கொடு தீதி என்றார். மூடிக்குப் புதிதாக ஒரு கிளிப் போட்டார். நீலத்துணியை நான் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

காலையில் வெயில். பதினோரு நாளைக்குப் பிறகு. சேலை காய்ந்தது.

எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஹமீதுக்கு வாய்ப்புண் ஆறிவிட்டது, மீன் கேட்கிறான்.

சாயங்காலம் மேரி சிஸ்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்களாம். மைப்பொட்டைத் தொட்டு, இது எந்தா என்றார்களாம். ஹமீது, அது கம்பெனி முத்திரை சிஸ்டர் என்றானாம். சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். சவாரி நமக்குத்தான்.

கிளம்பும்போது ஹமீது சொல்லிவிட்டுப் போனான்.

"அக்கா, கீழ வளைவுல ரெண்டு ஹாரன் அடிக்கிறேன். எறங்கி வந்துராதீங்க."

மழை மறுபடி. வாசலில் நின்றேன். ரோட்டில் மஞ்சள் புள்ளிகள் ஏறின, இறங்கின. ஆறு, ஏழு. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் இல்லை. எல்லாவற்றிலும் யாரோ வீட்டுக்கு வருகிறார்கள். பிறகு இரண்டு ஹாரன். அதுதான் நம் வண்டி என்று தெரிந்தது. பார்த்து இல்லை, கேட்டுத் தெரிந்தது. அது போதும் என்று உள்ளே வந்து விளக்கடியில் உட்கார்ந்தேன்.

நீலத்துணியை வைத்து அந்த முடிச்சைப் போட்டுப் பார்க்கிறேன். வரவில்லை. அவிழ்க்கத்தான் தெரிகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ அந்தச் சிவப்புப் பொட்டை வைத்தாய் அல்லவா, திரும்ப இறக்கி வைக்க இடம் குறித்து. என் கண் சரியாகும் என்று நினைத்தாயா, நான் வாசலில் நிற்பதை விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? எந்த நாளுக்கென்று வைத்தாய், சுண்டு?